மாலை 4 மணிக்கு வேலை தொடங்குகிறவளுக்குச் சிங்கப்பூரில் எந்த வட்டாரம் சரி?

ஈப்போ_மலர் எழுதியது (சனி, காலை 11:20)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஒரு முதுகுப்பையும் மடிக்கணினியுமாகத்தான் என் வாழ்க்கை. பினாங்கு, சியாங் மாய், தா நாங், மறுபடியும் பினாங்கு. இப்போது வேலை பார்க்கும் சிங்கப்பூர் நிறுவனம் எம்பிளாய்மெண்ட் பாஸ் (வேலை அனுமதி) எடுத்துக் கொடுத்துவிட்டது. அலுவலகம் கிடையாது, எல்லோரும் வீட்டிலிருந்துதான் வேலை. என் குழுவில் பாதிப் பேர் லண்டனில் இருக்கிறார்கள். அதனால் எனக்கு வேலை மாலை 4 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 12 வரை. அங்கே குளிர்காலக் கடிகாரத்துக்கு மாறினால் 5 முதல் 1 வரை.

மற்ற ஊர்களில் ஒரு வாரம் விடுதியில் தங்கி, நாலு தெரு நடந்து பார்த்துவிட்டு, பிடித்த இடத்தில் மாத வாடகைக்கு அறை எடுப்பேன். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு தெரு. இங்கே வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்றால் குறைந்தது 6 மாதம், தனியார் வீடு என்றால் 3 மாதம். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அரை வருடம் மாட்டிக்கொள்வேன். அந்தப் பயத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

அறைக்கு மாதம் 1,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை தர முடியும். காலை 9 வரை நிம்மதியாகத் தூங்க வேண்டும். பகலில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். சமைப்பேன், அதை மட்டும் விட முடியாது. மனத்தில் இருப்பவை தேக்கா (லிட்டில் இந்தியா), தியோங் பாரு, காத்தோங், பொங்கோல். எதற்குப் போகலாம்?

---

தேக்கா_வாசி எழுதியது (சனி, மதியம் 12:05)

வேறு யோசனையே வேண்டாம், தேக்கா. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கீழே இறங்கினால் கிடைக்கும். வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயில், பசித்தால் தேக்கா சந்தை. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை, டௌன்டவுன் பாதை இரண்டும் இருக்கின்றன. வெளியூரில் இருந்த மூன்று வருடமும் உங்களுக்குக் கிடைக்காதது எல்லாம் இங்கே இருக்கிறது.

---

பொங்கோல்_அப்பா எழுதியது (சனி, மதியம் 1:30)

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் மலர். அந்தக் கூட்டத்தில் வீட்டுக்கு வந்து சேருவதே பெரும் பாடு.

பொங்கோல் பக்கம் வாருங்கள். 2023ல் திறந்த வட்டார நூலகம் ஒன் பொங்கோலில் இருக்கிறது. பல மாடி, நிறைய இருக்கை, வெளிச்சம் நன்றாக இருக்கும். நீர்வழிப் பூங்காவில் காலையில் நடக்கலாம். வீடுகள் புதியவை, லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்கும். செங்காங்கில் வேல்முருகன் கோயில் இருக்கிறது. ஒரே குறை, நகருக்குள் போக வேண்டுமென்றால் எல்ஆர்டி (வட்டாரத்துக்குள் ஓடும் சிறு ரயில்) பிடித்து, பிறகு எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) மாறி, அரை மணிக்கு மேல் ஆகும். ஆனால் நீங்கள் அலுவலகம் போகப் போவதில்லையே.

---

நள்ளிரவு_நிரலர் எழுதியது (சனி, மாலை 3:10)

பொங்கோல்_அப்பா அண்ணா, அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுமானத்திலும் கப்பல்பட்டறையிலும் ஆறு நாள் உழைக்கிற நம் ஆட்கள் ஊருக்குப் பணம் அனுப்ப, கூட்டாளிகளைப் பார்க்க, ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிட வரும் நாள் அது. அதைக் குறையாகச் சொல்லாதீர்கள். நான் ஃபேரர் பார்க்கில் நான்கு வருடம் இருந்திருக்கிறேன். ஒரு ஞாயிறுகூட எனக்கு இடைஞ்சல் வந்ததில்லை. பை தூக்கிக்கொண்டு படியேறும்போது உதவிக்கு வந்தவர்கள்தான் உண்டு.

இப்போது மலருக்கு. நானும் லண்டன் நேரத்தில் வேலை செய்தவன். முதல் வீட்டை வட்டாரத்தின் பேரைப் பார்த்துத்தான் எடுத்தேன். தியோங் பாரு. 1930களில் கட்டிய வீடுகள், வளைந்த பால்கனி, கீழே நல்ல காப்பி. படத்தில் எல்லாம் அருமை. ஆனால் என் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. சன்னல் கதவு சரியாக மூடாது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி என் மீட்டிங்குக்குள் பேசும். காபிக்கடைகளிலோ வார இறுதியில் மடிக்கணினியைத் திறக்க விடமாட்டார்கள். ஆறு மாதம் முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

அங்கே கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், எத்தனை மணிக்குப் பேசுகிறீர்கள், எத்தனை மணிக்குப் பசிக்கிறது என்று முதலில் எழுதுங்கள். அந்த மூன்று நேரத்திலும் அந்தப் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு வட்டாரத்தைவிட புளோக்தான் முக்கியம், புளோக்கைவிட அறையின் திசை.

---

லோரோங்8_மாமா எழுதியது (சனி, மாலை 5:45)

மலர், நான் தோ பாயோவில் 1973லிருந்து இருக்கிறேன். தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன், உன் தூக்கத்துக்கு அதுதான் எமன்.

வீவக வீட்டில் சுவர் உடைக்கிற, தரை ஓடு பெயர்க்கிற வேலையை வாரநாளில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது. ஆகவே மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், நீ தூங்கி எழும் நேரத்தில், சுத்தியல் தொடங்கும். மேல் வீட்டில் துளை போட்டால் கான்கிரீட் வழியாக ஐந்து மாடிக்குக் கேட்கும். பல்லுக்குள் துளை போடுகிற மாதிரி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும். அதில் எந்த வீட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை என்று ஒட்டியிருப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போது முதலில் அதைப் படி. பழைய பேட்டை (குடியிருப்புப் பகுதி) என்றால் வீவகவின் வீடு மேம்பாட்டுத் திட்டம் நடக்கிறதா என்றும் கேள். 1997 வரை கட்டிய வீடுகளுக்கு அது உண்டு. கழிவறையை இடித்துப் புதிதாகக் கட்டுவார்கள். ஒரு வீட்டுக்கு 10 நாள்தான், ஆனால் புளோக் முழுக்க முடியப் பல மாதம். எங்கள் புளோக்கில் நடந்தபோது காலையில் வீட்டில் இருக்க முடியாமல், நானும் மனைவியும் தினமும் வைரவிமட காளியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தோம்.

புதுப் பேட்டையும் இதற்கு விலக்கில்லை. புதிதாகச் சாவி வாங்கிய புளோக்கில் நூறு வீட்டிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். பொங்கோலுக்குப் போகிறாய் என்றால் மக்கள் குடிவந்து நாலைந்து வருடம் ஆன புளோக்காகப் பார்.

---

பொங்கோல்_அப்பா எழுதியது (சனி, மாலை 6:20)

நிரலர் சொன்னது சரி. நான் சொன்ன விதம் தப்பு, மன்னிக்கவும். என் அப்பாவும் அப்படி வேலைக்கு வந்தவர்தான்.

மாமா சொன்னதும் உண்மை. எங்கள் பக்கத்தில் இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: போர் விமானச் சத்தம். பாய லேபார் விமானத் தளம் ஹவ்காங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது 2030க்குப் பிறகுதான் இடம் மாறும். ஹவ்காங், சிராங்கூன், எங்கள் பொங்கோல் வரைக்கும் பகலில் சத்தம் இருக்கும். மீட்டிங்கில் ஒலியை அடைத்துவிட்டுக் காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் மாலையில்தான் பேசுவீர்கள் என்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

---

கடலோரம் எழுதியது (சனி, இரவு 8:15)

காத்தோங் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் மரீன் டெரசில் வீவக வீட்டில் இருக்கிறேன். முன்பு இந்தப் பக்கம் ரயிலே கிடையாது, பேருந்துதான். 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் தஞ்சோங் ரூவிலிருந்து பேஷோர் வரை ஏழு நிலையம் திறந்த பிறகு எங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது. வாடகையும் சேர்ந்தே மாறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலை 4 மணிக்கு வேலை என்றால் காலை முழுக்க உங்களுடையது மலர். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பூங்காவுக்குப் போனால் வாரநாளில் கூட்டமே இருக்காது. மரத்தடியில் பாய் விரித்துப் படிக்கிறேன். சிலோன் சாலையில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. பகல் முழுக்க அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வட்டாரத்தின் பாதி அழகு கண்ணில் படாது. உங்களுக்குப் படும்.

---

ஈப்போ_மலர் எழுதியது (ஞாயிறு, காலை 10:50)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாமா, அறிவிப்புப் பலகை விஷயம் எனக்கு யாருமே சொன்னதில்லை.

நேற்று மாலை நான்கு முகவர்களை அழைத்தேன். முதல் இருவரும் பேரைக் கேட்டதும் ‘இந்தியரா?’ என்றுதான் கேட்டார்கள். மலேசியத் தமிழர் என்றேன். ஒருவர் ‘வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை’ என்று வைத்துவிட்டார். மூன்றாமவர் ‘லேசான சமையல் மட்டும்’ என்றார். லேசான சமையல் என்றால் என்னவென்று கேட்டேன். நூடல்ஸ் கொதிக்க வைக்கலாமாம். எத்தனையோ ஊரில் அறை தேடியிருக்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நேற்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

---

லோரோங்8_மாமா எழுதியது (ஞாயிறு, காலை 11:15)

மனசைத் தளரவிடாதே தாயி. இது எங்கள் பிள்ளைகளுக்கும் நடக்கிறது, இங்கேயே பிறந்தவர்களுக்கும். சரியில்லை என்பதை நாம் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

---

உட்லண்ட்ஸ்_செல்வி எழுதியது (ஞாயிறு, மதியம் 12:40)

மலர் அக்கா, எனக்கும் இதே அனுபவம். மூன்று வருடம் முன்பு ஒரு வீட்டில் சமைக்கலாம் என்று வாயால் சொன்னார்கள். காலி செய்யும்போது மசாலா வாடை சுவரில் ஏறிவிட்டது, பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டேன். இரண்டு வருடத்துக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தமாக இருந்தால், 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. முதல் சந்திப்பிலேயே பேசி முடித்து, முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுத்தார். குடிவந்த அன்று சுவர், அடுப்பு, மெத்தை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தேன். அதுதான் கைகொடுத்தது.

அதனால் சமையலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ‘தினசரிச் சமையலுக்கு அனுமதி உண்டு’ என்று ஒரு வரி போதும். முகவரின் பதிவு எண்ணை சிஇஏ (சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். மாதிரி வாடகை ஒப்பந்தமும் அங்கேயே இருக்கிறது. வீவக வீட்டு வாடகையோ முன்பணமோ முகவர் கையில் தரவே கூடாது, அவர் வாங்குவதே விதிப்படி தப்பு. நேராக வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்புங்கள். முத்திரை வரியை 14 நாளுக்குள் நீங்கள்தான் கட்ட வேண்டும், மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 1,200 வெள்ளிக்கு ஒரு வருடம் எடுத்தால் 57 வெள்ளிதான். அதைக் கட்டி வைத்தால்தான் நாளைக்கு வழக்கு என்று வரும்போது ஒப்பந்தம் செல்லும்.

அப்புறம், உட்லண்ட்ஸையும் பட்டியலில் சேர்க்கலாமா? நீங்கள் மலேசியர், ஊருக்கு அடிக்கடி போவீர்கள். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூரின் புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடப் பயணம். வெள்ளிக்கிழமை மாலை ஜோகூர் பாலத்தில் நெரிசலில் நின்று பழகியவர்களுக்குத்தான் அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

---

நள்ளிரவு_நிரலர் எழுதியது (ஞாயிறு, மாலை 4:30)

உட்லண்ட்ஸ் நல்ல இடம்தான். ஆனால் மலர் இதுவரை இருந்த ஊர்களில் எல்லாம் நடந்தே நாலு பேரைச் சந்தித்திருப்பார். வீட்டில் தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அது இல்லாமல் போனால் மூன்றாவது மாதத்தில் மனம் சுருங்கிவிடும். எனக்கு நடந்தது. நகருக்கு ஒரு மணிநேரம் என்றால், ‘இன்னொரு நாள் போகலாம்’ என்று தள்ளித் தள்ளி ஒரு வாரம் வெளியே இறங்கவே மாட்டோம்.

மலர், நீங்கள் மலேசியர் என்பதால் உங்களுக்கு ஒரு தொல்லை குறைவு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வீவக முழு வீட்டை வாடகைக்கு விட ஒதுக்கீடு இருக்கிறது, பேட்டைக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11. பின்னால் தோழிகளோடு சேர்ந்து முழு வீடு எடுத்தால் அப்போது இது உதவும்.

பூன் கெங் பக்கம் பார்த்தீர்களா? பெண்டமியர் சாலை, வாம்போ பக்கம். தேக்காவுக்கு ரயிலில் இரண்டு நிறுத்தம், நடந்தாலும் சிராங்கூன் சாலையில் நேராக வந்துவிடலாம். வாடகை தேக்காவைவிட இறங்கிவரும். பெண்டமியர் சந்தையும் உணவங்காடியும் பக்கத்தில். நடந்துபோகும் தூரத்தில் டைர்விட் சாலை, பழைய இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே காபிக்கடைகள். லிட்டில் இந்தியாவில் மாறினால் புகிஸ். அங்கே தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் மத்திய பொது நூலகம், மேலே லீ கொங் சியான் நூலகத்தில் தமிழ்த் தொகுப்பு. நான் வேலை தொடங்கும் முன் இரண்டு மணிநேரம் அங்கேதான் இருப்பேன். போன் பேச மட்டும் வெளியே வர வேண்டும்.

வீடு பார்க்க விடுமுறை நாளில் மாலை 4 மணிக்குப் போங்கள், காலையில் போகாதீர்கள். படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்கு வெயில் படுகிற சுவர் என்றால் தோசைக்கல் மாதிரிச் சுடும். அந்தச் சூடு இரவு 10 வரை இறங்காது. நீங்கள் வேலை செய்கிற நேரமே அதுதான். ஏர்கானை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். பிறகு இணையத்துக்கான ஃபைபர் பெட்டி எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் கூடத்தில் இருக்கும். புதிய வீட்டில் உங்கள் அறை கடைசி அறை என்றால் நடுவில் வெடிகுண்டு காப்பறை (தடித்த கான்கிரீட் அறை) வரலாம், அதன் சுவரைத் தாண்டி வைஃபை வராது. கதவை மூடிக்கொண்டு, படுக்கையில் உட்கார்ந்து, கைப்பேசியில் வேகத்தைச் சோதியுங்கள். கூடத்தில் நின்று சோதித்தால் பயனில்லை.

---

கடலோரம் எழுதியது (ஞாயிறு, மாலை 5:05)

நிரலர் சொன்ன சுவர் விஷயம் நூற்றுக்கு நூறு. இன்னொன்று: கீழ்த்தளத்தைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் மாடி அறை என்றால் கீழே திருமணம், இறுதிச் சடங்கு எது நடந்தாலும் உங்கள் அறைக்குள் நடப்பது மாதிரிதான் இருக்கும். சீனர்கள் முன்னோரை நினைக்கும் ஏழாம் மாதத்தில் பக்கத்துத் திடலில் கெத்தாய் (பாட்டுக் கச்சேரி) மேடை போட்டால் இரவு 10:30 வரை பாட்டு. எனக்கு அது பிடிக்கும், நானும் கீழே போய் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் உங்களுக்கு அது லண்டன் மதியம், மீட்டிங் நேரம்.

---

பொங்கோல்_அப்பா எழுதியது (ஞாயிறு, இரவு 9:40)

நள்ளிரவுச் சாப்பாட்டையும் யோசியுங்கள். எங்கள் பக்கம் உணவங்காடி 9 மணிக்கே அடங்கிவிடும். சிராங்கூன் சாலைப் பக்கம் என்றால் ஒரு மணிக்கும் புரோட்டா கிடைக்கும். பன்னிரண்டுக்கு மேல் ரயிலும் இல்லை, டாக்சி மீட்டரில் காலை 6 வரை பாதிக் கட்டணம் கூடுதல். வேலை முடிந்து தோழிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் நகருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது. என் வட்டாரத்தை நானே விட்டுக்கொடுக்கிறேன்.

---

ஈப்போ_மலர் எழுதியது (மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மதியம் 2:15)

எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். ஒன்பது அறை பார்த்தேன். எல்லாவற்றையும் மாலை 4 மணிக்குத்தான்.

வாம்போவில் ஒரு வீடு படத்தில் அவ்வளவு அழகு. உள்ளே போய்ச் சுவரில் கை வைத்தேன். உடனே கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. கூட வந்த முகவர் சன்னல் திரையை இழுத்துவிட்டு ‘இப்போது பரவாயில்லை’ என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு புளோக்கில் அறிவிப்புப் பலகையில் ஒரே தளத்தில் மூன்று வீட்டு எண், மூன்றுக்கும் அடுத்த மாதத் தேதி. மாமாவை நினைத்துக்கொண்டு லிஃப்டிலேயே ஏறவில்லை.

பெண்டமியர் சாலையில் பதினோராம் மாடியில் கிடைத்துவிட்டது. சன்னலுக்குக் கீழே காலாங் ஆறு. காலை வெயில் மட்டும். வீட்டுக்கார அம்மா ஒரு சீனப் பாட்டி, தனியாக இருக்கிறார். சமைப்பேன், மிளகாயும் மசாலாவும் போட்டுச் சமைப்பேன் என்று நானே முதலில் சொன்னேன். அவர் அடுப்படிக்குக் கூட்டிப்போய் சம்பல் இடிக்கிற கல்லுரலைக் காட்டினார். உலக்கையைக் கையில் கொடுத்துத் தூக்கிப் பார் என்றார். சமையல் வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க அவரே ஒத்துக்கொண்டார். வாடகை 1,150 வெள்ளி, ஒரு வருடம். ஒரு மாத முன்பணம் அவர் கணக்குக்கே அனுப்பினேன், முத்திரை வரியும் கட்டிவிட்டேன். குடிவந்த அன்று 64 படம் எடுத்து வைத்திருக்கிறேன் செல்வி.

வைஃபை அறைக்குள் கொஞ்சம் குறைவுதான். பாட்டி அனுமதியோடு கூடத்திலிருந்து சுவரோரமாக ஒரு கம்பி இழுத்துவிட்டேன், இப்போது தடங்கலே இல்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எத்தனை மணிக்குக் கிளம்பும்?

---

லோரோங்8_மாமா எழுதியது (வெள்ளி, மாலை 6:00)

முதல் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்பே பால்குடம் கிளம்பிவிடும். அதன் பிறகு விடிய விடிய காவடி. உன் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். சாலையை மூடியிருப்பார்கள், டாக்சி எடுக்காதே. நானும் மாமியும் சீனிவாசப் பெருமாள் கோயில் வாசல் பக்கம்தான் நிற்போம், வந்து பார்.

---

ஈப்போ_மலர் எழுதியது (வெள்ளி, மாலை 6:20)

கட்டாயம் வருகிறேன் மாமா. லண்டன்காரர்களிடம் அன்றைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன்.